ஸ்டெப் வாட்ச்: இலக்கை எங்கிருந்து ஆரம்பிக்கறது, எண்ணிக்கையை எவ்வளவு நம்பறது

இட்டேரி · 2025 நவம்பர் 3

வாட்ச் கட்டின மொத மாசம் எல்லாரும் நடக்கறாங்க. மூணாம் மாசம் அது சார்ஜ் இறங்கி அலமாரியில கிடக்குது. சோம்பேறித்தனம்னு திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. பெட்டியைத் திறந்ததுமே 10,000-னு ஒரு இலக்கு வந்து நிக்குது. அன்னாடம் 3,000 ஸ்டெப் நடக்கறவருக்கு அது மூணு பங்குக்கும் மேல. ராத்திரி ஒம்பது மணிக்குப் பார்த்தா வாட்ச்ல இலக்கைக் காட்டற வட்டம் பாதி கூட நிறைஞ்சிருக்காது. பத்து நாள் வரிசையா தோத்தா யாரா இருந்தாலும் கழட்டி வெச்சுருவாங்க.

அதனால கம்பெனி வெச்ச எண்ணை விட்டுருங்க. அவங்கவங்க இப்ப நடக்கற எண்ணுல இருந்து இலக்கு ஆரம்பிக்கட்டும். மொத ஏழு நாள் வாட்ச் கட்டிட்டு எப்பவும் போல இருங்க. எச்சா நடக்க வேண்டாம், வாட்சைப் பார்க்கவும் வேண்டாம். எட்டாம் நாள் ஏழு எண்ணையும் சின்னதுல இருந்து பெருசுக்கு வரிசையா எழுதி நடுவுல இருக்கற நாலாவது எண்ணை எடுங்க. சராசரி எடுக்காதீங்க. உதாரணம்: 2,600, 2,900, 3,100, 3,300, 3,400, 3,700, 7,800. கடைசி எண் கல்யாண வீட்டு நாள். சராசரி 3,829 வரும், நடு எண் 3,300. ஒத்தை நாள் அலைச்சல் சராசரியை 500-க்கு மேல தூக்கி விட்டுருச்சு பாருங்க.

3,300-ஓட 1,000 சேர்த்தா 4,300. ரெண்டு வாரத்துக்கு அதுதான் இலக்கு. வாரத்துல அஞ்சு நாள் தொட்டாச்சுன்னா அடுத்த 1,000. தொடலைன்னா அதே எண்ணுல இன்னும் ரெண்டு வாரம். 1,000 ஸ்டெப்ங்கறது வேகமா நடந்தா பத்தே நிமிஷம். இப்படிப் போனா எட்டு வாரத்துல 7,300-க்கு வந்துரலாம்.

நொய்யல் · 2025 நவம்பர் 3

10,000 உலக சுகாதார நிறுவனம் சொன்னது இல்லைங்களா? அதை விட்டுட்டு 7,300 போதும்னா எப்படி?

ஈரோடு பிசியோ · 2025 நவம்பர் 4

இல்லைங்க. அந்த நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் ஸ்டெப் கணக்கே பேசவில்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. அவ்வளவுதான்.

10,000 ஜப்பானில் பிறந்த எண். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம், 1965-இல், யமாசா என்ற கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் கருவி ஒன்றை விற்றது. பெயர் 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் காலடி மீட்டர். விற்பனைக்கு வைத்த பெயர் அறுபது வருடமாக மருத்துவ அறிவுரை மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுகள் வந்தது பிறகுதான். 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து ஒரு ஆய்வு. தினம் 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களுக்கு இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500 வரை குறைந்துகொண்டே போனது, அதற்குமேல் பெரிய மாற்றம் இல்லை. 2022-இல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் 6,000–8,000-இல் சமன் ஆனது, இளையவர்களுக்கு 8,000–10,000-இல். 2025-இல் வெளிவந்த தொகுப்பில் 2,000-ஐவிட 7,000 நடந்தவர்களுக்கு இறப்பு விகிதம் 47 சதவீதம் குறைவு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் நடப்பவர்களைக் கவனித்து எழுதிய கணக்கு. உடம்பு நன்றாக இருப்பவர்தான் அதிகம் நடக்கிறார் என்ற சிக்கல் இதில் எப்போதும் உண்டு. ஆனால் எல்லா ஆய்விலும் ஒரே வடிவம்: மிகக் குறைவாக நடப்பவர் கொஞ்சம் கூட்டினால் கிடைக்கும் பலன்தான் பெரிது. 3,000-இல் இருப்பவர் 5,000-க்குப் போவது, 9,000-இல் இருப்பவர் 11,000-க்குப் போவதைவிட முக்கியம்.

இட்டேரி · 2025 நவம்பர் 4

நன்றிங்க. 'எட்டு வாரத்துல 7,300'-னு மேல எழுதினது எந்த வாரமும் தவறாத கணக்கு. ஐப்பசி மழையில அது நடக்காது. பன்னெண்டு வாரம்னு வெச்சுக்கோங்க.

சோமனூர் தறி · 2025 நவம்பர் 6

விசைத்தறிக் கூடத்துல ஒரு ஷிஃப்டுக்குள்ளயே 10,000 காட்டுது. தறிக்குத் தறி நடக்கறதுதானே வேலை. அப்ப தனியா நடக்க வேண்டாமா? இன்னொண்ணு, ஒரே கூடத்துல ஒரே வேலை பாக்கற ரெண்டு பேர் வாட்ச்ல 3,000 வித்தியாசம் வருது.

ஈரோடு பிசியோ · 2025 நவம்பர் 6

இரண்டாவது கேள்விக்கு முதலில். வாட்சுக்குள் காலைப் பார்க்கும் கண் எதுவும் இல்லை. மூன்று திசை அசைவை உணரும் ஒரு சின்னச் சில்லு, மணிக்கட்டின் அசைவைப் பார்க்கிறது. கை முன்னும் பின்னும் சீராக வீசினால் அதை நடை என்று முடிவு செய்கிறது. கையைச் சொறிந்ததை எல்லாம் எண்ணக் கூடாது என்பதற்காகப் பல வாட்சுகள் தொடர்ச்சியாகப் பத்து ஸ்டெப் போல வந்தபிறகுதான் கணக்கில் ஏற்றுகின்றன. தறிக்கும் தறிக்கும் நடுவே நாலு எட்டு வைத்து நின்று இழை முடிவது ஒரு வாட்சில் ஏறும், இன்னொன்றில் ஏறாது. இழை முடியும் கை அசைவையே நடை என்று எண்ணும் வாட்சும் உண்டு. அதனால் 3,000 வித்தியாசம் ஆச்சரியமில்லை.

முதல் கேள்வி. உட்கார்ந்தே இருப்பதைவிட அந்த நடை நல்லது, கழித்துவிட வேண்டாம். ஆனால் இதயத்துக்கு வேலை தருவது வேகம். நிமிடத்துக்கு 100 ஸ்டெப் என்பது மிதமான வேகத்துக்குப் பொதுவான அளவுகோல். சோதிக்க வாட்ச் தேவையில்லை: 15 விநாடியில் 25 ஸ்டெப் வருகிறதா என்று எண்ணுங்கள். கூடத்துக்குள் அது வராது. ஷிஃப்டுக்கு முன்போ பின்போ 15 நிமிடம் அந்த வேகத்தில் நடந்தால் சுமார் 1,500. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்த 15 நிமிடத்தை மட்டும் இலக்காக வையுங்கள். வாட்ச் ஆப்பில் 'ஆக்டிவ் மினிட்ஸ்' என்று வேறு ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கள்.

ஆனைமலை அக்கா · 2025 நவம்பர் 7

வாட்ச் சரியா எண்ணுதான்னு வீட்லயே பாக்கற முறை இதுங்க. சோத்துக்கைல பத்து புளியங்கொட்டை வெச்சுக்கோங்க. 20 ஸ்டெப்புக்கு ஒண்ணு அடுத்த கைக்கு மாத்துங்க. பத்தும் மாறினா 200 ஸ்டெப். ஆரம்பத்துலயும் கடைசியிலயும் வாட்ச் எண்ணை எழுதுங்க. வித்தியாசம் 190-க்கும் 210-க்கும் நடுவுல வந்தா போதும். கடைசி எண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. சில வாட்ச் சித்த நேரம் கழிச்சுத்தான் கூட்டிக் காட்டும்.

இதை மூணு விதமா செய்யணும். சாதாரண நடை. வயசானவங்க நடக்கற மாதிரி மெல்ல நடை. வாட்ச் கட்டின கைல பை தூக்கிட்டு நடை. மொத நடையில எல்லா வாட்சும் பாஸ் ஆயிரும். ரெண்டாவதுலயும் மூணாவதுலயும்தான் குட்டு வெளிப்படும்.

நாலாவதா ஒரு சோதனை. வாட்ச் கட்டிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லயோ ஸ்கூட்டியிலயோ அஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வாங்க. குழி ரோட்டு அதிர்ச்சியில எத்தனை ஸ்டெப் ஏறுதுன்னு தெரிஞ்சுக்கலாம். தினம் வண்டியில போற தூரத்துக்கு அதைக் கழிச்சுக்கோங்க.

நொய்யல் · 2025 நவம்பர் 7

கூடவே ஒண்ணு. விலை கம்மியான போலி வாட்சைக் கண்டுபிடிக்க தக்காளியில கட்டிப் பாக்கலாம். தக்காளிக்கும் இதயத்துடிப்பு காட்டுச்சுன்னா அது போலி.

ஈரோடு பிசியோ · 2025 நவம்பர் 8

அந்தச் சோதனை நம்பத் தகுந்தது அல்ல. பின்பக்கம் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் போய், ரத்த ஓட்டத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்து திரும்பும் ஒளியை அளக்கிறது. தக்காளியோ சுருட்டிய துண்டோ, திரும்பி வரும் ஒளியில் இருக்கும் சின்னச் சலசலப்பை நல்ல வாட்சும் துடிப்பு என்று காட்டிவிடும். அதற்குப் பதில், உட்கார்ந்த நிலையில் கழுத்து நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வேகமாக நடந்து வந்ததும் உடனே 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். இரண்டிலும் ஐந்தாறு எண் வித்தியாசத்துக்குள் வாட்ச் இருந்தால் சரி.

ரத்த அழுத்தம் காட்டுவதாகச் சொல்லும் மலிவு வாட்சுகளைத் தயவுசெய்து நம்பாதீர்கள். காற்றுப் பட்டை கட்டி அளக்காத எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது ஆபத்து.

நொய்யல் · 2025 நவம்பர் 8

சரிங்க, தக்காளியை வாபஸ் வாங்கிக்கறேன்.

இட்டேரி · 2025 நவம்பர் 11

ஆனைமலை அக்கா சொன்ன பை சோதனை கொங்கு வீடுகளுக்கு ரொம்ப முக்கியம். பால் சொசைட்டிக்குத் தூக்குப்போசி எடுத்துட்டுப் போறவங்களை நினைச்சுப் பாருங்க. போசி பிடிச்ச கை வீசாது. அந்தக் கைல வாட்ச் இருந்தா போற ஸ்டெப் பாதிக்கு மேல விட்டுப்போகும், வர்றது மட்டும் ஏறும். வாட்சை அடுத்த கைல கட்டுங்க. செட்டிங்ஸ்ல எந்தக் கைனு ஒரு இடம் இருக்கும், அதையும் மாத்துங்க.

சொசைட்டி ஒரு கிலோமீட்டர்னா காலைல போக வர ரெண்டு, பொழுதோட ரெண்டு, ஆக நாலு. ஸ்டெப் நீளம் 70 செ.மீ.னா அது 5,700. வண்டியை நிறுத்திட்டு அந்த நாலு கிலோமீட்டரை நடந்தாலே இலக்குல பெரும்பங்கு முடிஞ்சுருது. தனியா 'வாக்கிங்'னு கிளம்பறதை ஒரு வேலை வந்தா தள்ளி வைப்பாங்க. பாலைத் தள்ளி வைக்க முடியாது. நடையை ஏற்கெனவே நடக்கற ஒரு வேலையோட கட்டிட்டா உற்சாகம்னு ஒண்ணை எங்கிருந்தும் தேடிட்டு வர வேண்டியதில்லை.

கைக்கறவை பண்றவங்க கறக்கும்போது எத்தனை ஸ்டெப் ஏறுதுன்னு ஒருக்கா பாத்துக்கோங்க. சில வாட்ச்ல ஏறும். மெஷின் கறவைன்னா பிரச்சினை இல்லை.

கொடிவேரி · 2025 நவம்பர் 12

ஒரு கிலோமீட்டருக்கு 1,250 ஸ்டெப்னுதான் எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. அப்ப நாலு கிலோமீட்டருக்கு 5,000 தானே?

இட்டேரி · 2025 நவம்பர் 12

1,250-னா ஸ்டெப் நீளம் 80 செ.மீ. ஆறடி ஆளுக்கு வேகநடையில வரலாம். அஞ்சடி உயர அம்மாவுக்கு 60–63 செ.மீ.தான் வரும். அவங்களுக்கு கிலோமீட்டருக்கு 1,600 ஆகும். ஊகிக்க வேண்டாம், அளந்துருங்க. ஹைவேஸ் ரோட்டு ஓரத்துல கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் 2, 4, 6, 8-னு நட்டிருப்பாங்க. ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு எண்ணிட்டே நடங்க. 286 வந்தா 70 செ.மீ. 320 வந்தா 62.5. அந்த எண்ணை ஆப்ல உயரத்துக்குப் பக்கத்துல கேக்கற இடத்துல போட்டா தூரக் கணக்கும் நேராயிரும்.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு ரேஸ்கோர்ஸ் சுத்து இருக்குது, ஏறக்குறைய ரெண்டரை கிலோமீட்டர். ஒரு சுத்துக்கு எத்தனை வருதுன்னு ஒருக்கா எழுதி வெச்சுட்டா அப்புறம் வாட்ச் தப்பாக் காட்டுனா உடனே தெரியும். 2023-ல இருந்து அரசாங்கத்தோட 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை மாவட்டத்துக்கு ஒண்ணு 8 கிலோமீட்டருக்கு இருக்குது. 70 செ.மீ. நடைக்கு அது 11,400 ஸ்டெப். புதுசா ஆரம்பிக்கறவங்க அங்க முழுசா நடக்கணும்னு இல்லைங்க. ஒரு கிலோமீட்டர் போயிட்டுத் திரும்புனாலும் அது நடைதான்.

ஆனைமலை அக்கா · 2025 நவம்பர் 15

மழை. மூணு நாளா யாரும் வெளியே கிளம்பியிருக்க மாட்டாங்க.

ஆசாரத்துலயோ (வீட்டுக் கூடம்) மொட்டை மாடிக் கொட்டகையிலயோ நடக்கறவங்களுக்கு: 30 அடி நீளம்னா ஒரு நடைக்கு 13 ஸ்டெப், அப்புறம் திரும்பணும். திரும்பற இடத்துல கை வீச்சு நிக்கும், வாட்ச் ஒண்ணு ரெண்டு விட்டுரும். எட்டு வடிவ நடையிலயும் இதே கதைதான். வளைவுல ஸ்டெப் குட்டையாகறதால தூரக் கணக்கு எச்சாக் காட்டும். அங்க ஜிபிஎஸ்ஸைப் போடாதீங்க, கூரைக்கடியில அது இருந்த இடத்துலயே கிறுக்கிட்டு பேட்டரியைத் தின்னும். மழை நாளைக்கு ஸ்டெப்பை மறந்துட்டு நேரம் வெச்சுக்கோங்க. காலைல 15 நிமிஷம், பொழுதோட 15. எட்டுல நடக்கறவங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா திசையை மாத்துங்க. தலை சுத்தல் உள்ளவங்க எட்டை விட்டுட்டு நேர் நடையே நடங்க.

சோமனூர் தறி · 2025 நவம்பர் 19

வள்ளி கும்மி பயிற்சிக்குப் போறவங்க வாட்ச்ல ஒரு மணி நேரத்துக்கு கன்னாபின்னான்னு ஏறுது. அதை எடுத்துக்கலாமா?

ஈரோடு பிசியோ · 2025 நவம்பர் 19

ஸ்டெப்பாக எடுக்க வேண்டாம். கைதட்டும் கை வீச்சும் சேர்ந்து ஏறும். ஆனால் கும்மி நல்ல உடற்பயிற்சி, நிமிடமாக எழுதுங்கள். ஆப்பில் 'டான்ஸ்' அல்லது 'ஒர்க் அவுட்' என்று தொடங்கினால் இதயத்துடிப்பை வைத்துக் கணக்கிடும். சைக்கிள், நீச்சல், மண்வெட்டி வேலை மூன்றும் இதே வகைதான். ஸ்டெப் ஏறாது, உடம்புக்கு உழைப்பு உண்டு. பாத்தி கட்டி வியர்த்து வந்தவர் வாட்ச் 2,000 காட்டுகிறது என்று மனம் விடக் கூடாது.

துடிப்புக் கணக்கு: 208-இல் இருந்து வயதின் 0.7 பங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாக வரும். 55 வயதுக்கு 208 கழித்தல் 38.5, அதாவது 170-க்குச் சற்றுக் கீழே. மிதமான நடைக்கு அதில் பாதி முதல் 70 சதவீதம் வரை, 85 முதல் 119. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மருந்தே துடிப்பை அடக்கி வைக்கிறது. அவர்களுக்குப் பேச்சுச் சோதனை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கொடிவேரி · 2025 நவம்பர் 24

ஸ்டெப் கூடியும் எடை குறையலையே, அப்ப என்ன பயன்? வாட்ச்ல 450 கலோரி எரிச்சதாக் காட்டுது.

ஈரோடு பிசியோ · 2025 நவம்பர் 25

வாட்சில் மிகவும் நம்பக் கூடாத எண் அந்தக் கலோரி எண்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு வாட்சுகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பை ஆறு வாட்சுகள் 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல வாட்சுக்குக்கூட சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93.

தோராயமாக, 65 கிலோ உள்ளவர் ஒரு கிலோமீட்டர் சமதளத்தில் நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது முப்பது முப்பத்தைந்து கலோரி. ஐந்து கிலோமீட்டருக்கு 170 வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த நிலக்கடலை 30 கிராம், ஒரு கைப்பிடி, அதே 170. நடந்துவிட்டோம் என்று பேக்கரியில் உட்கார்ந்தால் கணக்கு நேராகிவிடும்.

இதில் ஆய்வும் இருக்கிறது. 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஸ்டெப் எண்ணும் கருவி மாட்டியவர்கள் தினம் சுமார் 2,500 ஸ்டெப் கூடுதலாக நடந்தார்கள். குறிப்பிட்ட இலக்கு வைத்திருந்தவர்களிடம்தான் அந்தக் கூடுதல் தெரிந்தது. இட்டேரி சொல்வதற்கு அது ஆதாரம். ஆனால் 2016-இல் 471 பேரை வைத்து இரண்டு வருடம் நடந்த சோதனையில், எடைக் குறைப்புத் திட்டத்தோடு மேற்கையில் அசைவை அளக்கும் பட்டை கட்டியவர்கள் 3.5 கிலோவும், கட்டாதவர்கள் 5.9 கிலோவும் குறைந்தார்கள். ஆக, வாட்ச் நடக்க வைக்கும். எடையைச் சாப்பாட்டுத் தட்டில்தான் பார்க்க வேண்டும். நடையின் பலனை எடை இயந்திரத்தில் தேடினால் ஏமாற்றம் வந்து நடையும் நின்றுபோகும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு: சாப்பிட்டபின் 10–15 நிமிடம் மெதுவாக நடந்தாலே தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் அளவு குறையும். ஒரே நேரத்தில் 5,000 நடப்பதைவிட மூன்று வேளைக்குப் பிறகும் பிரித்து நடப்பது இவர்களுக்கு நல்லது. இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. நடந்து வந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

இட்டேரி · 2025 நவம்பர் 26

பிசியோ எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு தோணுது. வாட்ச் எண் 5 சதவீதம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை. தானியம் அளக்கற வள்ளம் சித்த சின்னதா இருந்தாலும் போன வருஷமும் அதே வள்ளத்துல அளந்திருந்தா விளைச்சல் கூடுச்சா குறைஞ்சுதான்னு தெரிஞ்சுரும். அதனாலதான் நடுவுல வாட்சை மாத்தாதீங்க. மாத்தினா மறுபடியும் ஏழு நாள் அடிப்படைக் கணக்கு எடுங்க. பழைய வாட்ச் 7,000-மும் புது வாட்ச் 7,000-மும் ஒண்ணு இல்லை.

நொய்யல் · 2025 டிசம்பர் 1

ஃபோன்ல ஒரு நாளைக்கு 14,000 காட்டுது, வாட்ச்ல 7,000. பாதி எங்க போச்சு?

கொடிவேரி · 2025 டிசம்பர் 1

பாதி எங்கயும் போகலைங்க, ரெண்டு தடவை எண்ணுது. சட்டைப் பையில இருக்கற ஃபோன் ஒரு கணக்கு, வாட்ச் ஒரு கணக்கு, ஆப் ரெண்டையும் கூட்டிருச்சு. ஆண்ட்ராய்டுல எல்லா ஆப் கணக்கையும் ஒண்ணா சேர்க்கற ஹெல்த் கனெக்டுக்குள்ள போய் தரவு எங்கிருந்து வரணும்ங்கற முன்னுரிமை வரிசையில வாட்ச் ஆப்பை மேல வைங்க, ஃபோன் எண்ணிக்கையை நீக்கிருங்க.

எண்ணு ஏறாமலே நின்னா பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம். ஃபோன் செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிட்டு ஆட்டோ ஸ்டார்ட்டை அனுமதிங்க. தினம் ராத்திரி ஒருக்கா ஆப்பைத் திறந்து சிங்க் ஆக விடுங்க. வாட்சுக்குள்ள சில நாள் கணக்குத்தான் தங்கும்.

அறிவிப்பு விஷயம். வாட்ஸ்ஆப், மெயில், செய்தி எல்லாத்தையும் வாட்ச்ல அணைச்சுருங்க. பொழுதோட அஞ்சு மணிக்கு ஒரே ஒரு நினைவூட்டல் மட்டும் போதும், அப்பதான் மிச்சம் நடக்க நேரம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு 'இன்னும் 2,300'-னு அதிர்ந்தா தூக்கம்தான் கெடும். சார்ஜுக்கும் ஒரு நேரம்: குளிக்கப் போறப்ப கழட்டி சொருகுங்க, வந்ததும் கட்டுங்க. ராத்திரி சொருகி வெச்சா காலைல மறந்துருவாங்க.

ஆனைமலை அக்கா · 2025 டிசம்பர் 3

குளிக்கறப்ப கழட்டச் சொன்னது நல்லது. 5 ஏடிஎம்-னு (தண்ணி தாங்கற அளவு) போட்டிருந்தா வியர்வைக்கும் மழைக்கும் குழாய்த் தண்ணிக்கும் பயமில்லை. ஆனா சுடுதண்ணியும் சோப்பும் உள்ளிருக்கற ரப்பர் அடைப்பைத் தளர்த்தும். கிணத்துல மேல இருந்து குதிக்கறதும் வேண்டாம்.

தோல் அரிப்பு வந்தா வாட்ச் மேல குத்தம் சொல்றதுக்கு முன்னாடி பட்டையைப் பாருங்க. வியர்வையும் உப்பும் தேங்கித்தான் பெரும்பாலும் வருது. வாரத்துக்கு ரெண்டு தடவை மிதமான சோப்புல கழுவி, ஈரம் போகத் துடைச்சு, மணிக்கட்டையும் காய விட்டுக் கட்டுங்க. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, சுண்டுவிரல் நுனி நுழையற அளவு இறுக்கம். வளையல் போடறவங்க வளையல் இல்லாத கைல கட்டுங்க. வளையல் தட்டித் தட்டி வாட்ச் நகர்ந்தா துடிப்பும் தப்பும், கண்ணாடியும் கீறும்.

கைல கட்டவே முடியாதவங்களுக்கு இடுப்புல மாட்டற கிளிப் கருவி இன்னும் கிடைக்குது. வேட்டிக்கு மேல பெல்ட்டுல, இடுப்பெலும்புக்கு நேரா, தொடைக்கு மேல நிமிர்ந்து நிக்கற மாதிரி. சேலைக்கு உள்பாவாடை நாடாவுல. சாய்ஞ்சா எண்ணாது.

சோமனூர் தறி · 2025 டிசம்பர் 9

எங்க பக்கம் பத்துப் பேர் சேர்ந்து போட்டி வெச்சிருக்காங்க. ஒருத்தர் வாட்ச் குழந்தை தொட்டில்ல ஆடறதா சந்தேகம்.

இட்டேரி · 2025 டிசம்பர் 9

மொத்த ஸ்டெப்புக்குப் பரிசு வெச்சா அப்படித்தான் போகும். தபால்காரரும் கணக்குப்பிள்ளையும் ஒரே போட்டியில ஓட முடியாதுங்க. அவங்கவங்க அடிப்படை எண்ணுக்கு மேல எத்தனை நாள் தாண்டுனாங்கன்னு மட்டும் எண்ணுங்க. வாரத்துக்கு உச்சம் அஞ்சு புள்ளி. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் நடந்தா நல்லது, ஆனா புள்ளி கிடையாது. இப்படி வெச்சா முட்டி வலியோட ஏழாம் நாளும் ஓட வேண்டியதில்லை. தொட்டிலுக்கும் வேலை இல்லை.

ஆப் காட்டற 'தொடர்ச்சி' எண்ணையும் மறைச்சுருங்க. 41 நாள் தொடர்ந்து நடந்தவர் 42-ஆம் நாள் காய்ச்சல்ல படுத்தா அது பூஜ்யம்னு காட்டுது. அவர் நடந்த 41 நாள் எங்க போச்சு? அந்தப் பூஜ்யத்தைப் பாத்துட்டு நடையை விட்டவங்கதான் எச்சு. வாரக் கணக்கு வைங்க: 7,000 இலக்குன்னா வாரத்துக்கு 49,000. செவ்வாய் குறைஞ்சா சனி கூட்டிக்கலாம்.

கொடிவேரி · 2025 டிசம்பர் 14

விடியக்காத்தால இட்டேரியில (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மண்பாதை) நடக்கறவங்களுக்கு: மழை முடிஞ்ச மாசம், வேலியோரம் புல் எழுந்து நிக்குது. கட்டுவிரியன் இருட்டுல நடமாடற பாம்பு. டார்ச் கட்டாயம், மூடின ஷூ கட்டாயம். வாட்ச் வெளிச்சம் டார்ச் ஆகாது. தார் ரோட்டுல நடந்தா வலது ஓரமா நடங்க, எதுக்க வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும். கரும்பு ஏத்தின டிராக்டர் முதுகுப்பக்கம் வந்தா ஒதுங்க நேரம் இருக்காது. வெளிர் நிறச் சட்டை போடுங்க. ஹெட்ஃபோன் வேண்டாம்.

நொய்யல் · 2025 டிசம்பர் 20

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறவங்க இப்ப இருந்து எப்படிக் கூட்டறது? சென்னிமலைப் படி ஏறிப் பழகுனா போதுமா?

ஈரோடு பிசியோ · 2025 டிசம்பர் 21

சென்னிமலை 1,320 படி. வாட்சில் அது 1,320 ஸ்டெப்பாகத்தான் ஏறும், சமதளத்தில் பதினைந்து நிமிட நடை அளவு. உடம்புக்கு அதைவிடப் பல மடங்கு வேலை. காற்றழுத்தம் அளக்கும் சில்லு உள்ள வாட்சில் மட்டும் 'மாடி' என்று தனியாக ஏறும், சுமார் பத்தடி உயரத்துக்கு ஒன்று. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கும் கையில் வாட்ச் இருந்தால் ஸ்டெப்பும் விட்டுப்போகும். மூச்சுக்கும் தொடைக்கும் படி நல்ல பயிற்சி, ஆனால் நீண்ட நடைக்கு அது மட்டும் போதாது. இறங்கும்போதுதான் முட்டிக்குப் பளு, அதனால் முட்டி வலி உள்ளவர்கள் ஏறிவிட்டு வண்டியில் இறங்குங்கள்.

பாதயாத்திரைக்கு வாரத்தில் ஒரு நாள் நீள நடை. இப்போது ஒரே மூச்சில் 8,000 முடிகிறது என்றால் அடுத்த வாரம் 9,000, பிறகு 10,000. வாரத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டியே கூட்டுங்கள். நேரம் போதவில்லை என்றால் அடுத்தடுத்த இரண்டு நாள் நடந்து பழகுங்கள். யாத்திரையில் உடம்பைச் சோதிப்பது இரண்டாம் நாள்தான். மீதி நாளில் பாதி தூரம், ஒரு நாள் முழு ஓய்வு. பூசம் வரை இருக்கும் ஆறு வாரத்தில் 30,000-ஐத் தொட வேண்டும் என்று பாய்ந்தால் கணுக்காலிலோ தாடை எலும்பிலோ வலி வந்து யாத்திரையே போகும்.

யாத்திரை அன்று ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள், ஸ்டெப் மட்டும் எண்ணட்டும். காவடி தோளில் இருந்தால் இரு கையும் வீசாது, எண்ணிக்கை குறைவாகத்தான் காட்டும். அன்றைக்கு வழியோரக் கிலோமீட்டர் கல்தான் சரியான கணக்கு.

ஈரோடு பிசியோ · 2025 டிசம்பர் 21

திருத்தம். மேலே 'தாடை எலும்பு' என்று விழுந்துவிட்டது, கணைக்கால் எலும்பு என்று படியுங்கள். முன்பக்க எலும்பை விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுரீர் என்று வலித்தால் நடையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

ஆனைமலை அக்கா · 2025 டிசம்பர் 28

ஷூவைப் பத்தி யாரும் எழுதலை. நடைக்குப் போடற ஷூ பொதுவா 500-ல இருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும்தான் அதிர்ச்சியைத் தாங்கும். தினம் 7,000 ஸ்டெப், 70 செ.மீ. நீளம்னா நாளைக்கு 4.9 கிலோமீட்டர். 700 கிலோமீட்டர் 143 நாள்ல முடிஞ்சுரும், அஞ்சு மாசம் கூட இல்லை. வாங்கின தேதியை நாக்குக்கு அடியில பேனாவுல எழுதி வைங்க. குதிகாலோட வெளி ஓரம் தேய்ஞ்சு ஷூ மேசை மேல சாய்ஞ்சு நின்னா நாள் கணக்குப் பாக்காம மாத்திருங்க.

கொடிவேரி · 2026 ஜனவரி 4

எந்த நாக்குங்க?

ஆனைமலை அக்கா · 2026 ஜனவரி 4

கயித்துக்குக் கீழ பாதத்து மேல படியற துணிப் பட்டைங்க. அதுக்கு உள்பக்கம் எழுதுங்க, வெளியே எழுதுனா துவைக்கறப்ப போயிரும்.